மின்விசிறி நிற்கும் மாதங்கள்

திருகோணமலைக்கும் ஒரு குளிர்காலம் உண்டு என்று சொன்னால் நுவரெலியாவில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்; சிரிக்கட்டும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பகல் வெப்பம் 34, 35 பாகை வரை ஏறுகிற இந்த ஊரில், மார்கழி பிறக்கும்போது அது பகலில் 27, 28 பாகைக்கும் இரவில் 24 பாகையளவுக்கும் இறங்கிவிடுகிறது. இந்தப் பத்துப் பாகைக்குள்தான் எங்கள் பருவமாற்றம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த போர்வைகள் வெளியே வருகின்றன. காலைக் கோப்பியில் வேர்க்கொம்பு சேர்கிறது. பின்னேரங்களில் மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கட்டைச் சம்பலோடு சாப்பிட வேண்டும் என்று யாராவது ஒருவர் தொடங்கிவைக்கிறார். எங்கள் வீட்டில் இவற்றோடு இன்னொன்றும் நடக்கிறது. இசைத்தட்டுக்களும் ஒலிநாடாக்களும் அடுக்கிய பெட்டிகள் உள்ளறையிலிருந்து முன்னறைக்கு இடம்மாறுகின்றன. ஐப்பசியில் இடம்மாறினால் அவை மாசி முடியும்வரை அங்கேயே இருக்கும்.

இந்தப் பழக்கத்தைத் தொடக்கி வைத்தவர் என் பெரியப்பா. நல்ல இசைத்தட்டு ஒன்று கையில் கிடைத்தால் அதைக் கோடையில் போட அவர் விடமாட்டார். "வாடை விழட்டும் தம்பி, பிறகு போட்டுக் கேள். அப்பதான் அது வாயைத் திறக்கும்" என்பார். குளிர்ந்த காற்றில் ஓசை தெளிவாகக் கேட்கும் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. அவரைப் போன்ற பலரும் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்கும் அனுபவத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது முழு உண்மை. காரணம் மட்டும் வேறு என்று நினைக்கிறேன்.

காற்றின் வெப்பம் ஒரு பாகை குறைந்தால் அதில் ஒலி செல்லும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 0.6 மீற்றர் குறைகிறது. பத்துப் பாகை இறங்கினால் ஆறு மீற்றர். விநாடிக்கு 350 மீற்றர் அளவில் ஓடும் ஒலிக்கு, ஒலிபெருக்கியிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவரின் காதுவரை வருவதில் இது எந்த வேறுபாட்டையும் காட்டாது. வெளியில் நிலைமை வேறு. குளிர்ந்த இரவில் நிலத்தை ஒட்டிய காற்று மேலே உள்ள காற்றைவிடக் குளிர்ந்து கிடக்கும்போது, மேல்நோக்கிப் போக வேண்டிய ஒலி வளைந்து கீழே இறங்குகிறது. துறைமுகத்தில் கப்பல் ஊதும் ஓசையும், கோயில் ஒலிபெருக்கியின் பாட்டும் கோடையில் எட்டாத வீடுகளுக்கெல்லாம் சில இரவுகளில் வந்து சேர்வது இதனால்தான். பெரியப்பாவின் நம்பிக்கை இங்கிருந்து பிறந்திருக்கக்கூடும். ஆனால், மூடிய அறைக்குள் நடப்பதற்கு இந்த விளக்கம் பொருந்தாது. அறைக்குள் நடப்பது மிகவும் எளிய ஒன்று: மின்விசிறி நின்றுவிடுகிறது.

கோடையில் இந்த ஊரில் மின்விசிறி இல்லாமல் ஓர் அறைக்குள் அரைமணி நேரம் இருந்து பாருங்கள். கச்சான் மலைநாட்டைத் தாண்டி, ஈரத்தையெல்லாம் அங்கேயே இறக்கிவைத்துவிட்டு, வறண்ட அனலாகவும் புழுதியாகவும் இங்கே வந்து சேர்கிறது. யன்னல்கள் எல்லாம் திறந்திருக்க வேண்டும், மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுழல வேண்டும். அமைதியான இரவறை ஒன்றின் ஓசை ஏறத்தாழ 30 டெசிபெல் என்றால், முழு வேகத்தில் ஓடும் கூரை மின்விசிறி அதை 50 வரைக்கும் எளிதில் ஏற்றிவிடும். வீட்டில் நாம் பாட்டுக் கேட்கும்போது அதன் மிக உரத்த இடங்கள் 80 டெசிபெல் அளவில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உரத்த இடத்துக்கும் மிக மெல்லிய இடத்துக்கும் இடையில் நமக்கு மிஞ்சுவது வெறும் 30 டெசிபெல். நல்ல நிலையில் உள்ள எல்பி இசைத்தட்டு ஒன்று ஏறத்தாழ 60 டெசிபெல் இடைவெளியைத் தாங்கக்கூடியது. சீடியில் அது 96. அதாவது, இசைத்தட்டில் பதிவாகியிருப்பதில் பெரும்பங்கை மின்விசிறி எங்கள் காதுக்கு எட்டவிடாமல் தானே வைத்துக்கொள்கிறது.

ஒலியைக் கூட்டிவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கூட்டலாம், ஆனால் மெல்லியதைக் கூட்டும்போது உரத்ததும் சேர்ந்தே கூடுகிறது. ஆலாபனையின் அடிமூச்சைக் கேட்பதற்காகக் கூட்டிவைத்த ஒலி, தாளவாத்தியங்கள் தனித்து முழங்கும் தனியாவர்த்தனம் வந்தவுடன் பக்கத்து வீட்டு மதிலைத் தாண்டிவிடும். இதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. சுழலும் இறக்கைகளில் பட்டுத் திரும்பும் ஒலி சீரான ஓர் அதிர்வோடு திரும்புகிறது. சிறுவயதில் மேசை விசிறிக்கு முன்னால் வாயை வைத்து "ஆ" என்று கத்தியவர்களுக்கு இது தெரியும். வயலின் ஒரே சுரத்தில் நீண்டு நிற்கும் இடத்தில், வாசித்தவர் போடாத ஒரு நடுக்கம் அதில் ஏறிவிடும். கமகத்தையே, அதாவது சுரத்தை அசைத்து வளைப்பதையே, உயிராகக் கொண்ட ஓர் இசையை, யாரோ ஒரு விசிறி போட்ட கமகத்தோடு சேர்த்துக் கேட்பது எனக்குப் பொறுக்காது.

ஆகவே வாடை தொடங்கி, முதல் முறையாக மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காரும் இரவில் நான் எடுப்பது பெரும்பாலும் எஸ். பாலச்சந்தரின் (1927–1990) வீணைதான். வீணைக் கம்பியை மீட்டியவுடன் எழும் ஒலி உரத்தது. அது எவருக்கும் கேட்கும். ஆனால், பாலச்சந்தர் தம் கலையை அந்த மீட்டலுக்குப் பிறகு வரும் நேரத்தில் வைத்திருந்தார். ஒருமுறை மீட்டிவிட்டு, விரல் அழுத்தியிருக்கும் அதே மெட்டுக்கட்டையில் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து, இழுத்த இழுப்பிலேயே அடுத்தடுத்த சுரங்களைப் பிறப்பிப்பார். ஒவ்வொரு சுரமும் முன்னையதைவிடத் தேய்ந்துகொண்டே போகும். கோடையில் எனக்கு அந்த வரிசையில் முதல் இரண்டு கேட்கும், மூன்றாவதை ஊகிப்பேன். மின்விசிறி நின்ற அறையிலோ, இழுத்த கம்பி தளர்ந்து தன் இடத்துக்கு மீளும்போது கடைசிச் சுரம் கீழே வழுக்கி இறங்குவதும், அந்தச் சுரம் அணைந்த பின்னும் தாளக் கம்பிகளின் முனகல் மிச்சமிருப்பதும், அடுத்த மீட்டலுக்குமுன் விரல் கம்பியில் உரசும் சிறு கீறலும் ஒவ்வொன்றாகக் காதுக்கு வருகின்றன. இசைத்தட்டின் பழைய கீறல்களும் சேர்ந்துதான் வருகின்றன. அதைப் பற்றி எனக்குக் குறையில்லை. விரலின் கீறலையும் தட்டின் கீறலையும் பிரித்தறியக் காது விரைவில் பழகிவிடுகிறது.

அடுத்தது எம். டி. இராமநாதன் (1923–1984). இவரைப் பிடிக்காதவர்கள் பலரும் இவரைக் கோடையில் கேட்டவர்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மிகத் தாழ்ந்த சுருதி, எவருக்காகவும் அவசரப்படாத விளம்ப காலம், மந்தரம் என்ற கீழ் ஸ்தாயியில் இறங்கி இறங்கி, கடைசியில் குரலா மூச்சா என்று சொல்ல முடியாத இடம்வரை நீண்டு போகும் சுரத்தின் கார்வை. மின்விசிறியின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் குவிந்திருக்கிறது. அவருடைய குரல் வாழ்வதும் ஏறத்தாழ அந்தப் பக்கத்தில்தான். இரண்டும் மோதும்போது தோற்பது பாடகரே. சொற்களுக்கிடையில் அவர் விடுகிற இடைவெளியில் தம்புரா தனியாக நின்று ஒலிப்பதைக் கேட்காதவருக்கு, அந்த இடைவெளி வெறும் தாமதமாகவே படும். கேட்டவருக்கு, அந்த இடைவெளியும் பாட்டின் பகுதி. நானும் அவரைச் சரியாக அறிந்துகொண்டது கார்த்திகை மாதத்து இரவுகளில்தான், "உந்த மனுசன் எப்ப பாடி முடிப்பார்?" என்று அடுப்படியிலிருந்து கேட்ட அம்மாவும் மெல்ல வந்து கதிரையில் அமர்ந்துவிட்ட இரவுகள் அவை.

எல்லா இசைக்கும் இந்த அமைதி தேவை என்று சொல்லமாட்டேன். நாதசுரமும் தவிலும் கோயில் வீதிக்காகவும் ஊர்வலத்துக்காகவும் வளர்ந்த வாத்தியங்கள். டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி இராகத்தை, நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய 78 வேகத் தட்டில் எந்தக் காலத்திலும், எந்த விசிறிக்குக் கீழும் கேட்கலாம்; அது விசிறியைத்தான் வெட்கப்பட வைக்கும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடம்தான் கொள்ளும். மணிக்கணக்கில் ஒரே இராகத்தை விரிக்கக்கூடிய ஒருவர் அந்தச் சிறிய இடத்துக்குள் தோடியை எப்படி நிறுத்தினார் என்பது ஒவ்வொரு முறையும் வியப்பைத் தருகிறது; அவசரம் எங்கும் தெரியாது, விட்டுப்போனது என்று எதையும் சொல்ல முடியாது. அதேபோல யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் (1933–1975) தவிலுக்கும் என் பரிந்துரை தேவையில்லை. ஆயினும் அவருடைய ஒலிப்பதிவுகளில் ஓரிடம் மட்டும் அமைதியைக் கேட்கிறது. உருட்டுச் சொற்களைப் பொழிந்துகொண்டு போகிறவர் திடீரென்று விரல்நுனியால் மட்டும் வாசிக்கத் தொடங்குவார். வேகம் குறையாது, கனம் மட்டும் காணாமற்போகும். அந்த இடம் பழைய ஒலிநாடாக்களில் நாடாவின் சொந்த இரைச்சலுக்குச் சற்று மேலேதான் மிதக்கிறது. அதன்மேல் ஒரு விசிறியின் இரைச்சலையும் ஏற்றினால் அது மூழ்கிப்போகும்.

வாடைக்காலம் இப்படி ஒரு கையால் கொடுப்பதை மறு கையால் பறிக்கவும் செய்கிறது. எங்கள் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில்தான் கொட்டுகிறது. எங்கள் வீட்டின் முன்பாதி ஓடு, பின்பாதி தகரம். தகரத்தின் மேல் மழை அடிக்கும்போது பாலச்சந்தரும் இல்லை, இராமநாதனும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஓட்டின் கீழே ஓரளவு சமாளிக்கலாம். மழையிரைச்சல் தாழ்ந்தது முதல் உயர்ந்தது வரை எல்லா அதிர்வெண்களிலும் பரவி நிற்பதால், அதற்குள்ளிருந்து ஒரு மெல்லிய ஓசையைத் தேடி எடுப்பது விசிறிக்குக் கீழே எடுப்பதைவிடக் கடினம். பெருமழை நேரத்துக்கென்று ஒரு தனி அடுக்கு வைத்திருக்கிறேன். அதில் நாதசுரம் இருக்கிறது. சீர்காழி கோவிந்தராஜனின் கணீரென்ற குரல் இருக்கிறது. எங்கள் நாட்டுப் பொப்பிசையும் இருக்கிறது. ஏ. ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் எந்த மழைக்கும் அசையமாட்டார்கள். திருகோணமலைச் சகோதரர்களான எம். பி. பரமேஷும் எம். பி. கோணேஷும் தம் சொந்தப் பாடல்களை இசைத்தட்டாக வெளியிட்டவர்கள் என்பது இந்த ஊரின் இளையவர்களில் பலருக்குத் தெரியாது. கிற்றாரும் காதலும் நிறைந்த அந்தப் பாடல்களை, இந்த ஊரில், இந்த ஊர் மழைக்குள் கேட்பதில் ஒரு தனி உரிமை இருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

மழை ஓய்ந்து, கூரைவிளிம்பில் சொட்டுக்கள் மட்டும் மிஞ்சியிருக்கும் நேரமே உண்மையான விருந்து. தெருவில் முச்சக்கரவண்டி ஓடாது. வாடைக்கு எதிராக யன்னல்கள் மூடியிருக்கும். சீமெந்துத் தரை குளிர்கிறதென்று பாய் விரித்திருப்போம். கட்டிலிலும் கதிரையிலும் போர்வைகள் கிடக்கும். இந்தப் பாயும் போர்வையும் குளிருக்கு மட்டும் உதவுவதில்லை. வெறுந்தரையிலும் சுண்ணாம்புச் சுவரிலும் மோதி மோதித் திரும்பும் ஒலியை அவை உறிஞ்சிக்கொள்கின்றன. கோடையில் கைதட்டினால் எதிரொலிக்கும் அதே முன்னறை, மார்கழியில் கைதட்டினால் உடனே அடங்கிவிடும். ஒலிக்கூடம் கட்டுபவர்கள் பணம் செலவழித்துச் செய்வதை எங்கள் வீட்டில் குளிர் சும்மா செய்து தருகிறது. வெளியே மிஞ்சியிருக்கும் ஒரே ஓசை டச்சுக்குடாக் கடல். வாடையில் அது அடங்குவதேயில்லை. உட்துறைமுகப் பக்கம் தண்ணீர் குளம்போலக் கிடக்கும் இரவிலும் இந்தப் பக்கம் அலை அறைந்துகொண்டுதான் இருக்கும். பழைய தட்டுச் சுழலி ஒன்றின் அடியில் மோட்டார் தரும் உறுமலுக்கும் இதற்கும் வேறுபாடு கண்டுபிடிக்க எனக்குச் சிலவேளை நேரமெடுக்கும்.

மார்கழியின் விடியற்காலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். திருவெம்பாவைக் காலத்தில் சங்கும் சேமக்கலமுமாகப் பிள்ளைகள் தெருவில் போவதும், கோயில் ஒலிபெருக்கிகள் இருட்டோடு பாடத் தொடங்குவதும் இங்கே பிறந்தவர்களுக்குப் புதிதல்ல. அந்த நேரத்தில் வீட்டுக்குள் நானும் போட்டியாக ஒன்றைப் போடுவது முறையல்ல, போட்டாலும் தோல்விதான். கோயில் ஓய்ந்த பிறகு, பொழுது நன்றாகப் புலர்வதற்குள் கிடைக்கும் சிறிய இடைவெளியில் தருமபுரம் சுவாமிநாதனின் தேவார ஒலிநாடா ஒன்றை மெல்லிய ஒலியில் ஓடவிடுவேன். சம்பந்தர் எங்கள் கோணமாமலைக்கு, அதாவது திருக்கோணேச்சரத்துக்கு, பாடிய பதிகத்தின் பண் புறநீர்மை. இன்றைக்கு அதைப் பூபாளத்தில் பாடுகிறார்கள். பூபாளம் விடியலின் இராகம். வங்கக் கடலின் மேல் வெளிச்சம் வரும் ஓர் ஊரைப் பாடிய பதிகம் விடியலின் பண்ணில் அமைந்தது தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு அப்படி நினைக்க மனம் வருவதில்லை.

வீட்டில் இருக்கும் ஒலிநாடாக்களில் கடையில் வாங்கியவற்றைவிட வானொலியிலிருந்து பதிவு செய்தவையே நான் அதிகம் விரும்பிக் கேட்பவை. மத்திய அலையில் பகலில் எட்டாத திருச்சி வானொலி, இருட்டியவுடன் கடலைத் தாண்டி வந்துவிடும். பகலில் மத்திய அலையை உறிஞ்சிக்கொள்ளும், உயர் வளிமண்டலத்திலுள்ள அயனமண்டலத்தின் கீழடுக்கு இரவில் கலைந்துபோக, அதற்கு மேலுள்ள அடுக்கில் பட்டு அந்த அலைகள் திரும்பி இறங்குவதே இதற்குக் காரணம். கச்சேரி தொடங்கும் நேரத்துக்கு முன்பே ரேப் ரெக்கோடரில் 90 நிமிடக் கசெற் ஒன்றைப் போட்டுவிட்டுப் பெரியப்பா காத்திருப்பார். ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். பல்லவி பாதியில் நிற்க, அவர் அவசர அவசரமாகத் திருப்பிப் போடும் அந்த இடைவெளி பல நாடாக்களில் நிரந்தரமாகப் பதிந்துபோயிருக்கிறது. ஐப்பசியில் பதிவு செய்த நாடாக்களை அட்டையில் திகதி இல்லாமலே அடையாளம் காணலாம். அந்த மாதத்து இடிமழையின் மின்னல் ஒவ்வொன்றும் மத்திய அலையில் ஒரு "படார்" என்று விழும். ஆலாபனையின் நடுவே மின்னல் வெடிப்பதும், உடனே "அன்ரனாவைக் கழட்டு, அன்ரனாவைக் கழட்டு" என்று யாரோ பின்னால் பதறுவதும் ஒரு நாடாவில் அப்படியே இருக்கிறது. மின்னல் குறைந்த மார்கழி, தை மாதத்து நாடாக்களில் பாட்டு எவ்வளவோ தெளிவாக இருக்கிறது. எனினும் என் வீட்டார் திரும்பத் திரும்பப் போடச் சொல்வது அந்த ஐப்பசி நாடாவைத்தான்.

இனி ஈரம். காதுக்கு இந்தக் காலம் எவ்வளவு நல்லதோ, பெட்டிக்குள் இருக்கும் பொருட்களுக்கு அவ்வளவு கெட்டது. யன்னல்கள் மூடிய வீட்டில் பத்து நாள் மழை பெய்தால் இசைத்தட்டுக்களின் கடதாசி உறைகளில் பூஞ்சணம் பூக்கத் தொடங்கும். அங்கிருந்து தட்டின் வரிகளுக்குள் இறங்கும். ஒலிநாடாவின் சுருள் விளிம்பில் வெண்மையாகப் படர்ந்திருந்தால் அதை ஓடவிடக் கூடாது. ஓடவிட்டால் ஹெட்டிலும் உருளையிலும் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல நாடாவுக்கும் பரவும். எங்கள் பழைய ஆட்கள் அலுமாரிக்குள் சிறிய மின்குமிழ் ஒன்றை எரியவிட்டு உடுபுடவைகளைக் காப்பாற்றினார்கள். இசைத்தட்டு அலுமாரிக்கும் அது நல்ல வழிதான். குமிழ் தட்டுக்களுக்குக் கிட்ட இருக்கக் கூடாது, சூட்டில் வளைந்துவிடும். தட்டுக்களைப் படுக்கவைத்து அடுக்காமல் நெட்டுக்குத்தாக நிறுத்தவும் வேண்டும். பூஞ்சணம் பிடித்த எல்பி தட்டை, காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, மென்மையான துணியால் வரியின் போக்கிலேயே துடைத்து, நிழலில் உலரவைக்கலாம். 78 வேகத் தட்டை மட்டும் ஸ்பிரிற் தொட்டுத் துடைத்துவிடாதீர்கள். அது அரக்கால் ஆனது. ஸ்பிரிற் அரக்கைக் கரைக்கும், துணியில் கறுப்பாக வருவது அழுக்கென்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பாட்டு போய்விடும்.

தட்டுச் சுழலியிலும் ரேப் ரெக்கோடரிலும் முதலில் சாவது இறப்பர் பட்டிதான். இந்த ஊரின் வெக்கையும் ஈரமும் மாறிமாறிப் பட்டு அது ஒன்றில் கடினமாகி நழுவும், இல்லையேல் தார்போல உருகிக் கையில் ஒட்டும். நழுவத் தொடங்கினால் பாட்டின் வேகம் ஒரே சீராக இராது, சுருதி மேலும் கீழும் ஆடும். திருத்தும் கடை ஒன்றில் இதற்காக மோட்டாரையே மாற்ற வேண்டுமென்று என்னிடம் பெருந்தொகை கேட்டார்கள். அளவு தெரிந்து கொழும்பிலிருந்து எடுப்பித்த ஒரு பட்டி அந்தக் காரியத்தைச் சில நூறு ரூபாயில் முடித்தது. ஆகவே ஐப்பசி தொடங்கமுன் ஒருமுறை மூடியைத் திறந்து பட்டியை விரலால் அமுக்கிப் பார்ப்பது என் வழக்கம். இடிமழை நாட்களில் பிளக்கைக் கழற்றிவிடுவதும் அப்படியே. சுவரில் சுவிட்சை அணைத்தால் போதும் என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை, கழற்றிவிடுகிறேன்.

மின்சாரம் போகும் இரவுகளைப் பற்றியும் சொல்லலாம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு, புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையைக் கடந்தபோது எங்கள் பகுதியில் மின்சாரம் இல்லை. கூரையைப் பற்றிய பயம் ஒருபுறம் இருக்க, பற்றரியில் ஓடும் பழைய சிறிய பிளேயரில் கசெற் ஒன்று மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. பற்றரி இறங்க இறங்க மோட்டாரின் வேகமும் இறங்கி, பாடியவரின் சுருதி கட்டை கட்டையாகத் தாழ்ந்தது. 1964 டிசம்பர்ப் புயலைச் சிறுவயதில் பார்த்த பெரியப்பா, "இது அதுக்குக் கிட்டவும் வராது" என்று சொல்லிவிட்டு, பாடகரின் குரல் இன்னும் எவ்வளவு தூரம் இறங்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று அறைகிற அந்த இரைச்சலில் பாட்டில் பாதி கேட்கவில்லை. அதை நிறுத்தச் சொல்லவும் ஒருவரும் இல்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, கையடக்கத் தொலைபேசியில் எல்லாமே கிடைக்கிறதே, பிறகு எதற்கு இந்தப் பாடு என்று சிலர் கேட்கக்கூடும். கிடைப்பதை நான் பழிக்கவில்லை. எங்கள் வீட்டில் இல்லாத எத்தனையோ கச்சேரிகளை நானும் இணையத்தில்தான் கேட்கிறேன். குறை கோப்பில் இல்லை, அதை ஒலிக்கவிடும் வாயில் இருக்கிறது. தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கிக்குத் தாழ்ந்த ஒலிகளைத் தரும் வலு கிடையாது; மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் "டக் டக்" என்று கேட்கும், தொப்பி என்ற இடது பக்கமே இல்லாமற்போகும். அதே தொலைபேசியை ஒரு வயரால் பழைய அம்பிளிபயரோடு இணைத்து, ஓரளவு பெரிய இரண்டு ஒலிபெருக்கிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துக் கேட்டுப் பாருங்கள், தொப்பி திரும்பி வந்துவிடும். தட்டு இல்லை, தட்டுச் சுழலி இல்லை என்பதற்காக ஒருவர் வாடைக்காலத்தை வீணாக்க வேண்டியதில்லை. தேவையானது யன்னலை மூடக்கூடிய ஓர் அறையும், நிறுத்தக்கூடிய ஒரு மின்விசிறியும், எழுந்து போகாமல் இருக்கக்கூடிய ஒரு மணி நேரமும்தான். மூன்றாவதைத் தேடித் தருவதில் மழைக்கும் ஒரு பங்குண்டு.

மாசி கடந்து பங்குனி வரும்போது முதலில் பகலில் விசிறி தேவைப்படும், பிறகு முன்னிரவில், பிறகு ஒருநாள் இரவு முழுவதும். யன்னல் திறக்கும், பாய் சுருட்டப்படும், அறையின் எதிரொலி திரும்பிவிடும். அதோடு பெட்டிகள் உள்ளறைக்குப் போகும். மழைநேரத்து அடுக்கை மட்டும் முன்னறையிலேயே விட்டுவைக்கிறேன். மழைக்கு அசையாதவர்கள் விசிறிக்கும் அசையமாட்டார்கள். இந்த ஆண்டு பாலச்சந்தரைத் துடைத்து உள்ளே வைக்கும்போது பெரியப்பா பார்த்துக்கொண்டிருந்தார். குளிர் போய்விட்டது, இனி அது வாயைத் திறக்காது என்றார். விசிறிதான் காரணம் என்று நான் மறுபடியும் விளக்கத் தொடங்கினேன். "சரி தம்பி, அப்ப அந்த ஃபானை நிப்பாட்டிப்போட்டு இப்ப ஒருக்காப் போடு பாப்பம்" என்றார். நிறுத்தினேன். முதற் பக்கம் முடியமுன் இருவருக்கும் சட்டை நனைந்துவிட்டது; ஆனால் கடைசிச் சுரங்கள் எல்லாம் கேட்டன. எழுந்து போய் விசிறியைப் போட்டவர் அவர். வியர்வையோடு கேட்கிற வீணை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது கேட்டதில் சேராது என்று சொல்லிவிட்டு, மனோகரனை எடுக்கச் சொன்னார்.